இரு துணை நேசமும் இடைவெளியும்: காரைக்கால் கடற்கரைக் கதைமரபும் தமிழ்த் திரைப்படமும்

முன்னுரை

ஒருவன் இருவரை உயிர்த்துணையாக நேசித்தல் என்னும் கதைக்கரு, 2022ஆம் ஆண்டு விக்னேஷ் சிவன் இயக்கத்தில் வெளிவந்த ‘காத்துவாக்குல ரெண்டு காதல்’ திரைப்படத்தால் மீண்டும் பேசப்பட்டது. இக்கரு புதியதன்று. கிளிஞ்சல்மேடு முதலிய மீனவ ஊர்கள் அமைந்த காரைக்கால் கடற்கரைக்கு வடக்கே பூம்புகார் உள்ளது. அங்குக் கோவலன் கதை தொடங்குகிறது. காரைக்காலோ புனிதவதியார் வாழ்ந்த ஊர். மருதமும் நெய்தலும் கூடும் இந்நிலப்பகுதி, ஊடலையும் இரங்கலையும் ஒருங்கே பேசும் இரு கதைகளைத் தந்துள்ளது. அவ்விரு கதைகளிலும் திரைப்படங்களிலும் இரு பெண்டிர்க்கு இடையிலான இடைவெளி எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இடைவெளியும் கதையமைப்பும்

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் ஒருமுறையேனும் நேரில் சந்திப்பதில்லை. ஒரே நகரில் வாழினும் இல்லறம், கணிகையர் மரபு என்னும் சமூகப் பிரிவு அவர்களைத் தனித்து நிறுத்துகிறது. இருவரையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டிய நெருக்கடி இதனால் கோவலனுக்கு நேர்வதில்லை.

பெரியபுராணத்தில் இவ்விடைவெளியைக் கடல் உருவாக்குகிறது. மாங்கனி நிகழ்வால் அஞ்சிய பரமதத்தன், வாணிகத்தின்பொருட்டுக் கலமேறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே இடுகிறான். சுற்றத்தார் புனிதவதியாரை அங்கு அழைத்துச் செல்ல, அவன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் அவர் அடி பணிகிறான். இங்கு இடைவெளி நீங்குகிறது. ஆனால் மனைவி தெய்வமாகி விடுவதால் இருவருள் ஒருத்தியைத் தேரும் சிக்கல் எழுவதில்லை. ஆனித் திங்களில் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் அம்மையார் திருமணத்தோடு பரமதத்தனின் இரண்டாம் திருமணமும் நிகழ்த்தப்பெறுவது, ஊர் நினைவு இக்கதையின் எப்பகுதியையும் மறைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

திரைப்படங்களில் மாற்றம்

இவ்விரு கதைகளும் முறையே ‘பூம்புகார்’ (1964), ‘காரைக்கால் அம்மையார்’ (1973) எனத் திரைவடிவம் பெற்றன. முன்னதில் கவுந்தியடிகளாகவும் பின்னதில் முதிய அம்மையாராகவும் நடித்தவர் கே. பி. சுந்தராம்பாளே. இல்லறத்திற்கு அப்பால் நிற்கும் பெண்ணின் குரலுக்குத் திரையுலகம் இருமுறையும் ஒருவரையே நாடியது குறிப்பிடத்தக்கது.

சமூகப் படங்களில் இடைவெளி குறைகிறது. கே. பாலசந்தரின் ‘இரு கோடுகள்’ (1969) படத்தில் பிரிந்துபோன முதல் மனைவி மாவட்ட ஆட்சியராகிறாள். கணவன் அவள் அலுவலகத்திலேயே எழுத்தராகப் பணிபுரிகிறான். கடலும் வீதியும் பிரித்தவர்களை இங்கு அலுவலகம் ஒன்றுசேர்க்கிறது. 2022ஆம் ஆண்டுப் படத்திலோ கண்மணி, கதீஜா ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறிந்து, எதிரெதிரே நின்று விடை கேட்கின்றனர். மனைவி, கணிகை என்னும் படிநிலை இங்கு இல்லை. இருவரும் சமநிலையில் உள்ள காதலியரே. ஆகவே நாயகனுக்குப் பழைய காப்பு எதுவும் எஞ்சவில்லை. அவன் இருவரையும் விரும்புவதாகக் கூறுவதே கதையின் சிக்கலாகிறது.

முடிவுரை

இடைவெளி குறையக் குறைய ஆணின் மனப்போராட்டமே கதையின் மையமாகிறது. பழங்கதைகளின் முடிவோ பெண்ணின் தேர்வில் உள்ளது. கணவனுக்கென இருந்த உடலழகைத் துறந்து பேய்வடிவம் வேண்டுகிறார் புனிதவதியார். கோவலன் இறந்தபின் துறவு பூணுகிறாள் மாதவி. இருவரும் தமக்குரிய வாழ்வைத் தாமே வகுத்துக்கொள்கின்றனர். எனவே இரு துணை நேசத்தைப் பேசும் திரைப்படங்களை மதிப்பிடுகையில், நாயகன் யாரைத் தேர்ந்தான் என்பதைக் காட்டிலும் அப்பெண்டிர் எதைத் தேர்ந்தனர் என்று வினவுவதே பொருத்தமான அளவுகோலாகும். அவ்வளவுகோலைக் காரைக்கால் கடற்கரைக் கதைமரபு முன்னரே வழங்கியுள்ளது.