டெக்ஸ்டரின் கணக்கு தப்பிய அந்த எபிசோடு!

பகலில் மயாமி போலீஸில் ரத்தத் தடயங்களை ஆராயும் வேலை. இரவில், சட்டத்திடம் தப்பிய கொலைகாரர்களைத் தேடிப்பிடித்துக் கொல்வது. 2006-ல் அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் தொடங்கி எட்டு சீஸன்கள் ஓடிய 'டெக்ஸ்டர்' தொடரின் நாயகன் இப்படிப்பட்டவன்தான். பக்கத்து வீட்டுப் பையன் போன்ற முகத்தோடு மைக்கேல் சி. ஹால் நடித்திருப்பார். (இனி வருவதில் கதையின் முடிச்சுகள் அவிழும். பார்க்காதவர்கள் உஷார்!)

கண்டபடி கொல்ல மாட்டான். வளர்ப்புத் தந்தையும் போலீஸ்காரருமான ஹாரி சொல்லிக்கொடுத்த விதிகள் இருக்கின்றன. கொலை செய்தவனை மட்டுமே தொட வேண்டும். அவன்தான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே முதல் விதி ஒன்று உண்டு: மாட்டிக்கொள்ளக் கூடாது. நியாயத்துக்காகக் கொல்பவனின் விதிகளில் இதற்குத்தான் முதலிடம் என்பது வேடிக்கை.

ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு உறுத்துவதில்லை. குற்றவாளி யாரென்று கேமராவே காட்டிவிடுகிறதே! சாட்சி பிறழ்வது, தடயம் குழப்புவது, குறுக்கு விசாரணை என்று கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுக்கும் எதுவும் இங்கே கிடையாது.

நான்காவது சீஸனில் அந்த நிம்மதி உடைகிறது. மாடல் பெண்களைக் கொன்றவன் என்று முடிவுகட்டி, ஃபாரோ என்ற போட்டோகிராபரைத் தீர்த்துக்கட்டுகிறான் டெக்ஸ்டர். பிறகுதான் தெரிகிறது, கொலைகாரன் அவருடைய உதவியாளன் என்று. பெண்களிடம் மோசமாக நடந்துகொள்ளும் ஆள்தான் ஃபாரோ. ஆனால், கொலை செய்யவில்லை. மேல்முறையீடு செய்ய அவர் உயிரோடும் இல்லை. டெக்ஸ்டர் அதிர்ந்துபோகிறான். தொடரோ இதில் அதிகம் நிற்காமல், அந்த சீஸனின் பெரிய வில்லனைத் துரத்தக் கிளம்பிவிடுகிறது. நின்று பார்த்திருக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது சீஸன் இதைவிட நேர்மையானது. கடலுக்கடியில் உடல்கள் கிடைத்ததும், கொன்றவனை ஹீரோவாகக் கொண்டாடும் கூட்டம் கிளம்புகிறது. அவனை மாதிரியாக வைத்து காமிக்ஸ் நாயகனே வந்துவிடுகிறான். ஆரம்பத்தில் இருந்தே டெக்ஸ்டரைச் சந்தேகப்பட்டவர் சார்ஜென்ட் டோக்ஸ் ஒருவர்தான். உண்மையைக் கண்டுபிடித்த அவர் செத்துப்போகிறார். அத்தனை கொலைப்பழியும் அவர் தலையில் விழுகிறது. அவர் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்காமல், டெக்ஸ்டர் தப்பிவிட வேண்டுமே என்று பதறிக்கொண்டிருக்கும் நம் மனம்!

விதிகளை வகுத்த ஹாரி என்ன ஆனார் என்பதும் அதே சீஸனில்தான் தெரியவருகிறது. டெக்ஸ்டர் ஒருவனைக் கொன்ற இடத்துக்கே வந்து, நேரில் பார்த்துவிடுகிறார். தாங்க முடியவில்லை. சில நாள்களில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறார். அப்பா இதய நோயால் இறந்தார் என்றுதான் டெக்ஸ்டர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தான்.