லேப்டாப் எழுந்திருக்கலைன்னா? மேக், விண்டோஸ், லினக்ஸ் ஒரு கணக்கு

மேக் வாங்கலாமா, விண்டோஸ் போதுமான்னு கேட்கிறவங்க எல்லாரும் வேகத்தையும் பேட்டரியையும்தான் பார்க்கிறாங்க. இன்னைக்கு நான் அந்தப் பக்கமே போகப் போறதில்லை. ஒருநாள் பவர் பட்டனை அழுத்துறீங்க, மெஷின் எழுந்திருக்கலை. உள்ளே இருக்கிற உங்க நாலு வருஷ வேலை என்ன ஆகும்? இதுதான் என் கேள்வி.

விண்டோஸ் தொடர்ந்து சில தடவை பூட் ஆகாம தடுமாறினா, தானாவே ரிப்பேர் திரைக்குப் போயிடும். அங்கே ரீசெட் பண்ணும்போது ஃபைல்களை வெச்சுக்கலாம். நீங்க போட்ட சாஃப்ட்வேர்கள் மட்டும் போயிடும். சிக்கல் பிட்லாக்கர்லதான். புது லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு நுழைஞ்சாலே பெரும்பாலும் டிஸ்க் பூட்டிக்குது. சாவி, 48 இலக்க எண்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில நின்னுது. விமானங்கள்கூட ரத்தாச்சு. சரிபண்ண, ஒரு ஃபைலை அழிச்சா போதும். ஆனா அதுக்குப் பெரும்பாலும் மெஷின் மெஷினா போய் உட்காரணும். பிட்லாக்கர் இருந்த இடத்துல அந்த 48 இலக்கமும் வேணும். உங்க சாவி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஒரு பேப்பர்லயும் எழுதி வைங்க.

மேக்ல சாஃப்ட்வேர் கோளாறுன்னா ரொம்ப சுலபம். பவர் பட்டனை விடாம அழுத்தினா ரெகவரி வந்துடும், மேக்ஓஎஸ்ஸைத் திரும்பப் போட்டுக்கலாம். ஹார்டுவேர் போனாதான் கதை வேற. 2020 நவம்பர்ல வந்த எம்1 முதல், மேக்புக்ல ஸ்டோரேஜ் போர்டோட ஒட்டியிருக்கு. அதைத் திறக்கிற சாவி ப்ராசஸருக்குள்ளே. டிஸ்க்கைக் கழற்றி வேற மெஷின்ல மாட்டுற பழைய வித்தை இங்கே செல்லாது. போர்டை உயிர்ப்பிக்க முடியலைன்னா டேட்டாவும் போச்சு. அதனால மேக் வாங்குற அன்னைக்கே டைம் மெஷினுக்கு ஒரு வெளி டிஸ்க்கையும் பட்ஜெட்ல சேர்த்துடுங்க.

ரேமும் அப்படித்தான், பிறகு கூட்டவே முடியாது. கடையில 16 ஜிபியை 24 ஆக்க ஆப்பிள் தனியா பெரிய தொகை வாங்குது. (எனக்கு இது பகல் கொள்ளையாத்தான் படுது.) விண்டோஸ்னா தப்பிச்சோம்னும் நினைக்காதீங்க, மெல்லிசான மாடல்கள் பலதுலயும் ரேம் ஒட்டினதுதான். திங்க்பேட் டி480 மாதிரி 2018 மாடல்ல ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கு. ஸ்க்ரூடிரைவர் இருந்தா நீங்களே மாத்திடலாம்.

லினக்ஸுக்கு வருவோம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்கள்ல ரொம்பச் சிலதைத் தவிர மத்ததை விண்டோஸ் 11 ஏத்துக்காது. நல்லா ஓடுற லேப்டாப்பை ஏன் காயலான் கடைக்குப் போடணும்? லினக்ஸ் மின்ட் இலவசம். அதுல டைம்ஷிஃப்ட்னு ஒண்ணு இருக்கு. அப்டேட் சொதப்பினா சிஸ்டத்தை முந்தின நாள் நிலைக்கு இழுத்துட்டு வந்துடும். ஆனா உங்க போட்டோ, டாக்குமெண்ட்டை அது வழக்கமா சேமிக்காது, அதுக்குத் தனி பேக்கப் வேணும். போட்டோஷாப்லதான் பிழைப்புன்னா இந்தப் பக்கம் வராதீங்க. மத்தவங்க முதல்ல பென்டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பாருங்க, டிஸ்க்ல எதுவும் மாறாது. வைஃபை, சவுண்ட், கேமரா மூணும் வேலை செஞ்சா மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க.