டிக்கியில் ஒரு சாண் இடம்

போன கோடையில் மூன்று சனிக்கிழமைகள் ஓர் அட்டைப் பெட்டியும் கையுமாக என் காருக்குள் குனிந்தும் படுத்தும் கிடந்தேன். கார் 1990ஆம் வருட மாஸ்டா மியாட்டா. வேறு பல நாடுகளில் இதையே எம்.எக்ஸ்-5 என்பார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே மடக்கக்கூடிய துணிக்கூரை. நீளம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை ஒரு டன்னுக்குள். அட்டைப் பெட்டி நானே வெட்டி ஒட்டியது. நான் வாங்க நினைத்த ஆம்ப்ளிஃபையரின் நீள அகல உயரம் அப்படியே அதில் இருந்தது. வயர் வந்து சேரும் இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு விரற்கடை கூட்டியிருந்தேன். வயரும் இடம் கேட்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோவில். ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். கூரையைத் திறந்துகொண்டு ஆற்றங்கரை மேலேயே போகும் 160ஆம் எண் சாலையில் ஓட்டுவதற்காகத்தான் இந்தக் காரை வாங்கினேன். இரண்டு பக்கமும் பேரித் தோட்டங்கள், நடுநடுவே படகுக்கு வழிவிட்டுத் தூக்கிக்கொள்ளும் பாலங்கள். பாட்டு இல்லாமல் அந்தச் சாலையில் போக எனக்கு மனசு வராது. ஆனால் கூரை திறந்திருக்க, வேகம் 80ஐத் தாண்டினால் பாட்டில் பாடகரின் குரல் மட்டும் மிஞ்சும். தபலா போய்விடும், பேஸ் கிட்டார் போய்விடும். காற்றின் இரைச்சலும் டயரின் இரைச்சலும் தாழ்ந்த சுருதியில்தான் அதிகம். பாட்டில் அதே சுருதியில் இருப்பதை அவை முதலில் விழுங்கிவிடுகின்றன.

ஒலியைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். காரின் ஸ்டீரியோப் பெட்டியில் '50 வாட்ஸ், நான்கு சேனல்' என்று அச்சடித்திருப்பார்கள். அது ஒரு நொடியின் சிறு துணுக்கில் எட்டித் தொடும் உச்சம். காரில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட் மின்சாரம். அதை உயர்த்தாமல் அப்படியே எடுத்து 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டினால் தொடர்ந்து கிடைப்பது சேனலுக்குச் சுமார் 20 வாட்தான். அதற்கு மேல் திருகினால் ஒலி கூடாது, கிழியும். தனி ஆம்ப்ளிஃபையர் செய்கிற முக்கியமான வேலை, உள்ளே வரும் 14 வோல்ட்டை முதலில் மேலே ஏற்றிக்கொள்வது. அதன்பின் கிழியாமல் உரக்கப் பாட அதற்கு இடம் கிடைக்கிறது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் நான் பெரிய சத்தத்துக்கு ஆசைப்படவில்லை. சேனலுக்கு 45 வாட், கிழியாமல் கிடைத்தால் போதும்.

இந்த ஆசைக்கு ஒரு மூலம் உண்டு. என் பெரியப்பா சாத்தூரில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவருடைய அகூஜா பெட்டியும் குழாய் ஸ்பீக்கரும் போகும். பெட்டியை எங்கே வைப்பது என்று அவர் பந்தல் முழுக்க நடந்து பார்ப்பார். பாட்டுத் தட்டை எடுப்பது அதற்குப் பிறகுதான். அந்த நடையைச் சின்ன வயதில் பின்னாலேயே போய்ப் பார்த்தவள் நான். அமெரிக்காவிலிருந்து போன் போட்டு, "ஒரு சின்னக் காருக்குள்ள ஆம்ப்ளிஃபையர் வைக்கணும் பெரியப்பா" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை வாட் என்பது அல்ல.

"அந்த எடத்துல காத்து போகுமா தாயி?"

முதலில் பயணி கால் வைக்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கே கார்ப்பெட்டுக்குக் கீழே இரும்புத் தகடு. தகட்டுக்குக் கீழே இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர். அந்த இடத்தில் ஏற்கெனவே குடிவைத்தாயிற்று. இருக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான். இந்தக் காரில் உட்காருவது ஏறக்குறையத் தரையில் உட்காருவது மாதிரி. டேஷ்போர்டுக்குள் ஹீட்டர், ஏ.சி., அவற்றின் குழாய்கள். ரேடியோவுக்குக் கீழே ஒரு பொந்து உண்டு. இப்போது வரும் சின்ன ஆம்ப்ளிஃபையரைப் பலர் அதில் செருகுகிறார்கள், வேலை செய்யவும் செய்கிறது. ஆனால் பக்கத்திலேயே ஹீட்டர், காற்று போக வழியில்லை. பெரியப்பாவின் கேள்விக்கு அந்தப் பொந்தில் பதில் இல்லை.

இருக்கைகளுக்குப் பின்னால் கார்ப்பெட் விரித்த ஒரு திண்ணை இருக்கிறது. பார்த்தவுடன் யாரும் "இதோ இடம்" என்பார்கள். கூரையை மூடி வைத்திருக்கும்போது அது காலித் திண்ணைதான். கூரையை மடக்கினால் மடிப்பு முழுவதும் வந்து படுப்பது அங்கே. சரி, ஓரமாக வைப்போமே என்று கார்ப்பெட்டைத் தூக்கினேன். பெட்ரோல் பம்ப்பைக் கழற்ற ஓர் இரும்பு மூடி. அதற்கு நேர் கீழே 45 லிட்டர் பெட்ரோல் டேங்க். மூடிக்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, இரண்டு துளைகள் இருந்தன. முன்பு யாரோ எதையோ பொருத்தத் திருகாணி இறக்கியிருக்கிறார்கள். துளையிட்ட கை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காருக்குள் எங்கே துளையிட்டாலும் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் டிரில்லைத் தொடக் கூடாது. இதை வாசிப்பவர்களில் ஒருவராவது இதற்காக ஒரு தடவை குனிந்து பார்த்தால் நான் இதை எழுதியது வீணில்லை.

திண்ணைக்கு முன்னால் செங்குத்தான சுவர். இருக்கையை முன்னால் தள்ளினால் ஒரு சாண் இடைவெளி, பின்னால் தள்ளினால் ஒன்றுமில்லை. அந்தச் சுவரின் மறுபக்கமும் டேங்க்தான். கீழே தரையில், இருபக்க ஓரங்களில், இன்னொரு சங்கதி உண்டு. துணிக்கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீர் ஒரு சின்ன வாய்க்காலில் சேர்ந்து, பெல்ட் தூண்களுக்குப் பக்கத்தில் உள்ள துவாரங்கள் வழியாகக் குழாயில் இறங்கி, காருக்கு அடியில் வெளியேறுகிறது. முப்பது வருஷத்து இலைச்சருகும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும். என் காரில் வலது பக்கத் துவாரம் அப்படித்தான் அடைத்திருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை விட்டு நான் கிண்டியபோது வந்த சேறு ஒரு கிண்ணம். கம்பி தடித்திருந்தால் குழாயே பிய்ந்துபோகும், மெதுவாகத்தான் விட வேண்டும்.

இப்படி இடம் இடமாகப் போனதில் எனக்கு இந்தக் காரைச் செய்தவர்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. சிறிய, எடை குறைந்த, கூரையில்லாத பிரிட்டிஷ் கார்களின் காலம் முடிந்துபோன பின், ஹிரோஷிமாவில் தோஷிஹிகோ ஹிராயின் தலைமையில் ஒரு குழு அந்த வகையை மறுபடி உயிர்ப்பித்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இதை உலகம் பார்த்தது. குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒன்றாவது என்ற பொருளில் 'ஜின்பா இத்தாய்' என்று ஜப்பானியர் சொல்வதை அவர்கள் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். முன்பக்க எடையைக் குறைக்க பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார்கள். காலியாகத் தெரிகிற ஒவ்வொரு மூலைக்கும் அவர்களிடம் ஒரு வேலை இருந்தது. மடிய ஒன்று, வடிய ஒன்று.

ஆக, டிக்கி. ஆனால் அதுவும் காலியில்லை. முன்பக்கம் ஸ்டெப்னி சாய்ந்து படுத்திருக்கிறது. வலது மூலையில் பேட்டரி. மின்சாரம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நான் முதலில் அங்கேதான் அட்டைப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும். தொழிற்சாலையில் இதற்கென மூடிய வகைப் பேட்டரி வைத்து, வாயு வெளியே போகச் சின்னக் குழாய்களும் கொடுத்திருந்தார்கள். எனக்கு முந்தையவர் சாதாரண பேட்டரியைப் போட்டு, குழாய்களை அப்படியே தொங்கவிட்டிருந்தார். அமிலம் பட்டுத் தகடு துருவேறியிருந்தது. நான் சரியான பேட்டரி வாங்கி, குழாய்களை மாட்டி, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். அந்த மூலையை வேறெதற்கும் தொடுவதில்லை என்று விட்டுவிட்டேன்.

மிஞ்சியது இடது பக்கம், ஜாக்கி இருந்த இடம். ஜாக்கியைத் துணிப்பையில் சுற்றி ஸ்டெப்னியின் குழிவில் கட்டிவைத்தேன். ஜாக்கியைப் பிடித்திருந்த போல்ட்டுகளையே பிடிமானமாக வைத்து ஓர் அலுமினியத் தகட்டை நிறுத்தினேன். புதிதாக ஒரு துளைகூட இல்லை. தகட்டுக்கும் காருக்கும் நடுவே ரப்பர் வளையங்கள். அதிர்வு தாங்கும், பின்னால் காற்றும் போகும். ஆம்ப்ளிஃபையரை நிற்கவைத்தேன், விசிறி மடிப்பு போன்ற அதன் விலாக்கள் மேலும் கீழுமாக இருக்கும்படி. சூடான காற்று மேலே ஏறும், கீழிருந்து குளிர்ந்தது வரும். படுக்க வைத்தால் இந்த ஓட்டம் மந்தமாகிவிடும்.

இவ்வளவு சிறிய இடம் போதுமானதற்குக் காரணம் பெட்டிக்குள் நடந்த மாற்றம். பழைய ஏபி வகைப் பெட்டி 180 வாட் ஒலி தர 300 வாட் சாப்பிடும்; மீதி 120 வாட் சூடாகப் போகும். டி வகையில் ட்ரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும், நொடிக்குப் பல லட்சம் முறை. பாதி திறந்து நின்று சூடாவது அதில் மிகக் குறைவு. அதே 180 வாட்டுக்கு 225 வாட் போதும். அதனால் மூன்று கையகலம் இருந்த பெட்டி ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டின் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்ப வெகு நேரமாயிற்று.

முழு சத்தத்தில் இது 16 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஒரு மீட்டர்தான் தூரம் என்பதால் தடித்த வயர் குறைந்த செலவில் முடிந்தது. பேட்டரி முன்னால் இருக்கும் கார்களில் இதே வயர் நான்கைந்து மீட்டர் ஓட வேண்டும். பேட்டரியை விட்டு ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் போட்டேன். ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காக்க என்று நினைப்பவர்கள் அதை அந்த முனையில் மாட்டிவிடுகிறார்கள். அது வயரைக் காக்க. வயர் எங்காவது உராய்ந்து காரின் உடம்பில் பட்டால் பேட்டரி சில நூறு ஆம்பியரைக் கொட்டும், ஃப்யூஸ் இல்லாத நீளம் முழுவதும் அடுப்புக் கம்பியாகும்.

முதல் நாள் போட்டவுடன் பாட்டோடு ஓர் ஊளைச் சத்தமும் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறியது. எர்த் வயரை ஜாக்கி போல்ட்டிலேயே மாட்டியிருந்தேன், அடியில் பெயின்ட். பெயின்ட் மின்சாரத்தை விடாது, மறைப்பதும் முழுதாக இருக்காது. அரைகுறைத் தொடர்பில் ஆல்டர்னேட்டரின் துடிப்பு பாட்டு வயருக்குள் புகுந்துகொள்கிறது. போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளித் தகடு தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஊளை நின்றது.

பின்விளக்கின் ரப்பர் பழசானால் இந்த டிக்கிக்குள் மழை கசியும் என்பதால், வயர்கள் எல்லாம் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தடவை கீழே தொங்கி, பிறகு மேலேறும்படி விட்டேன். வழிந்து வரும் சொட்டு அந்தத் தொங்கலிலேயே விழுந்துவிடும்.

ஜூலை கடைசி ஞாயிறு, 41 டிகிரி. கூரையைத் திறந்துகொண்டு ஐல்டன் வரை போய்த் திரும்பினேன். தபலா இருந்தது. இருக்கையின் தலைமாட்டில் மாஸ்டாக்காரர்கள் வைத்த சின்ன ஸ்பீக்கர்களில் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்தது, கதவு ஸ்பீக்கர்களில் மற்றதெல்லாம். வீட்டுக்கு வந்ததும் டிக்கியைத் திறந்து பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தேன். வைத்தபடியே இருக்க முடிந்தது.

அன்றிரவே பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லது தாயி" என்றார். பிறகு, "வழியில டயர் பஞ்சரானா ஸ்டெப்னிய எடுக்கணுமே. பெட்டியக் கழட்டாம வருமா?" என்றார்.

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு டார்ச்சோடு கீழே போனேன். ஸ்டெப்னி வந்தது, ஆனால் தூக்கித் திருப்பும்போது டயர் ஓரம் ஸ்பீக்கர் வயரை உரசியது. வயரைப் பிடித்திருந்த கிளிப்பை நான்கு விரற்கடை மேலே நகர்த்திவிட்டு, ஸ்டெப்னியை மறுபடி உள்ளே வைத்து, மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தேன். உரசவில்லை.