பத்துமலைக்குச் செல்லும் இரயில் எது?

1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் பத்துமலைத் திருத்தலத்திற்கு இரயிலில் செல்லும் முதியோர் பலர், 272 படிகளைக் காணும் முன்னரே கேஎல் சென்ட்ரலில் களைத்துவிடுகின்றனர்.

2001இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தில் கொமுட்டர், எல்ஆர்டி, விமான நிலைய இரயில் ஆகியவை ஒரே கூரையின்கீழ் உள்ளன. மோனோரயிலில் வருவோரோ என்யு சென்ட்ரல் பேரங்காடியைக் கடந்து வர வேண்டும். எம்ஆர்டி பயணிகளுக்கு முஸியம் நெகாரா நிலையத்திலிருந்து நடைபாதை உண்டு. பூசைப் பொருள்களைச் சுமந்து வருவோருக்கு இது சிறிய தூரமன்று.

கொமுட்டர் மேடைகள் கீழ்த்தளத்தில் உள்ளன. தஞ்சோங் மாலிம் இரயிலும் பத்துமலை இரயிலும் வடக்கு நோக்கியே புறப்படுவதால்தான் குழப்பம் நேர்கிறது. மஞ்சளாடை அணிந்தோர் ஏறுகின்றனரே என்று பின்தொடராமல், அறிவிப்புப் பலகையில் ‘பத்து கேவ்ஸ்’ என்னும் பெயரைக் கண்ட பின்னரே ஏற வேண்டும். தவறி ஏறியோர் புத்ரா நிலையத்திற்குள் இறங்கிவிட்டால், அங்கேயே அடுத்த பத்துமலை இரயிலைப் பிடிக்கலாம். அதற்கப்பால் பாதை பிரிந்து செகாம்புட் பக்கம் சென்றுவிடும். பால்குடத்திற்குக் குறித்த நேரமும் தவறிவிடும்.

இளஞ்சிவப்பு அடையாளமிட்ட நடுப்பெட்டிகள் மகளிருக்குரியவை. ஆகவே, பிரிந்து ஏறும் குடும்பத்தார் கடைசி நிலையமான பத்துமலையில் சந்திப்பதென முன்பே பேசிக்கொள்ளுதல் நன்று.

சுங்கை பூலோ, கெப்போங் வட்டாரத்தார் கேஎல் சென்ட்ரலுக்கு வரவே வேண்டியதில்லை. 2022 முதல் இயங்கும் புத்ராஜெயா எம்ஆர்டி தடத்தில் கம்போங் பத்து சென்று கொமுட்டருக்கு மாறினால், தாமான் வாயுவை அடுத்து வருவது பத்துமலையே.