மூன்று வர்ணமும் ஒரு வெள்ளைத் தட்டும்

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று நமது குழந்தைகள் நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பச்சை? வாழைக் குருத்தின் பச்சை வேறு. கிளிச் சிறகின் பச்சை வேறு. முற்றிய வேப்பிலையின் பச்சை வேறு. இந்தப் பேதத்தைப் புஸ்தகம் சொல்லிக் கொடுக்க முடியாது. குழந்தை தன் கையாலேயே குழைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இதற்குப் பன்னிரண்டு வர்ணங்கள் அடங்கிய பெட்டி அவசியமில்லை. சொல்லப்போனால், அது இடையூறே. தயாரான பச்சை கைக்கு எட்டும்போது, பச்சையை உண்டாக்க யார் சிரமப்படுவார்கள்? மஞ்சள், நீலம், சிவப்பு, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு கிண்ணம் ஜலம், ஒரு தூரிகை: இவ்வளவே போதும்.

முதலில் மஞ்சளைக் கரைத்து, அதில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலம் வலியது; நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கப் போனால் மஞ்சள் முழுவதும் செலவாகிவிடும். ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு காகிதத்தில் ஒரு கோடு இழுத்தால், இளம் பச்சை முதல் கரும் பச்சை வரையில் ஒரு படிக்கட்டே அமைந்துவிடும்.

அடுத்தது ஊதா. இங்கேதான் பிள்ளைகள் திகைப்பார்கள். குங்குமம் போன்ற சிவப்பில் நீலத்தைக் கலந்தால் ஊதாவுக்குப் பதில் சேற்று நிறமே வரும். பன்னீர் ரோஜாவின் சாயலுள்ள சிவப்பை எடுத்துக்கொண்டால் நல்ல ஊதா கிடைக்கும். உபாத்தியாயர் இதை முன்கூட்டிச் சொல்லிவிடலாகாது. சேறு வந்த பிறகே, "ஏன்?" என்ற கேள்வி பிறக்கும்.

காரணம் இதுதான். சாயங்கள் ஒளியைச் சேர்ப்பவை அல்ல, விழுங்குபவை. மஞ்சள் சாயம் வெளிச்சத்திலுள்ள நீலக் கிரணங்களை விழுங்குகிறது. நீலச் சாயம் சிவப்புக் கிரணங்களை விழுங்குகிறது. இரண்டுக்கும் தப்பி மிஞ்சுவது பச்சை. குங்குமச் சிவப்போ நீலக் கிரணங்களையும் விழுங்கிவிடுவதால், ஊதாவுக்கு வேண்டியது மிஞ்சுவதில்லை. சாயக் கலவையும் ஒளிக் கலவையும் வெவ்வேறு என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1852-ல் விளக்கினார்.

இதை நமது வீட்டுப் பம்பரமே ருசுப்படுத்தும். வட்டமான அட்டையில் ஒரு பாதி மஞ்சளும் மறு பாதி நீலமும் பூசிப் பம்பரத்தின் தலையில் பொருத்திச் சுழற்றுங்கள். பச்சை தோன்றாது, சாம்பல் போன்றதொரு நிறமே தோன்றும். ஏனெனில் இங்கே கலப்பவை சாயங்கள் அல்ல, கண்ணுக்கு வரும் ஒளிகள். மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துப் பேரறிஞர் 1855-ல் இப்படிப்பட்ட வர்ணப் பம்பரத்தைக் கொண்டே தமது ஆராய்ச்சியை நடத்தினார்.

மஞ்சள் பொடியில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதே, அது எதில் சேர்ந்தது? ஆரத்தி கரைக்கும் தாய்மார்கள் அறிந்த இந்த விந்தை கலவை அன்று, இரசாயன மாறுதல். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் மஞ்சள் மீண்டும் வந்துவிடும். பச்சையிலிருந்து மஞ்சளை அப்படித் திரும்பப் பெற முடியுமா என்று பிள்ளைகளே சோதித்துப் பார்க்கட்டும்.

நமது சாயத் தொழிலாளர் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற சித்திரச் சீட்டிகளில், அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசியே இலைகளுக்குப் பச்சை ஏற்றினார்கள். பொருட்காட்சி சாலைகளிலுள்ள அத்துணிகள் பலவற்றில் இன்று இலைகள் நீலமாகவே காண்கின்றன. மஞ்சள் வெளுத்துவிட்டது, அவுரி நிலைத்து நிற்கிறது. கலவையைக் கையால் கற்ற குழந்தை அந்த நீல இலையைக் கண்டதும் நடந்ததை ஊகித்துவிடும்.

ஆகவே, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். தரையில் பழைய பத்திரிகையை விரித்துவிடுங்கள். தட்டில் சேறு கண்டால் கோபிக்க வேண்டாம், "இதில் என்னென்ன சேர்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.