திடலைச் சுற்றினால் வேகம் வருமா?

மாலை மணி ஐந்தரை. வேலை முடிந்த இளைஞர்கள் தோட்டத் திடலில் கூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துடன் காற்பந்துப் போட்டி. பயிற்றுநர் விசிலை ஊதுகிறார்.

"திடலைப் பத்து ரவுண்டு ஓடுங்கடா! அப்பத்தான் கால்ல வேகம் வரும்!"

இந்தக் காட்சியைக் காணாதவர் நம்மில் யார்? ஆனால், பத்துச் சுற்று ஓடினால் மூச்சுத் தாங்கும் சக்திதான் வரும், வேகம் வராது. மெதுவாக ஓடிப் பழகிய கால் மெதுவாக ஓடத்தான் கற்றுக்கொள்ளும்.

வேகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் 'பறக்கும் டாக்டர்' எம். ஜெகதீசன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்து நின்றது! ஆனால் அவர் ஓடியது ஓடுபாதையில். காற்பந்து வீரனுக்கோ ஹாக்கி வீரனுக்கோ 200 மீட்டர் ஒரே மூச்சில் ஓடும் வேலை இல்லை. பத்து மீட்டர் பாய வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி பாய வேண்டும்.

முதல் பத்து மீட்டர்

2009-இல் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அதில் முதல் பத்து மீட்டருக்கு அவருக்கு 1.89 வினாடி ஆயிற்று. முழு வேகம் பிடித்த பிறகோ, இருபது மீட்டரை 1.61 வினாடியில் கடந்தார். உலகிலேயே வேகமான மனிதருக்கும் புறப்படுவதுதான் சிரமம்! பந்தை முந்தி எடுப்பவன் யார் என்பதை முடிவு செய்வதும் அந்த முதல் பத்து மீட்டர்தான்.

ஆகவே அதையே தனியாகப் பழக்க வேண்டும். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கட்டும். கால் தரையைப் பின்னோக்கித் தள்ளட்டும். கைகள் பலமாக வீசட்டும். குப்புறப் படுத்திருந்து விசில் கேட்டதும் எழுந்து ஓடுவது, பயிற்றுநர் கைவிட்ட பந்தை இரண்டாம் முறை தரையில் குதிக்கும் முன் பிடிப்பது, சிறு மேட்டில் ஏறி ஓடுவது ஆகிய எல்லாம் நல்ல பயிற்சிகள். காசு செலவில்லை.

ஓய்வும் பயிற்சிதான்

பத்து மீட்டர் ஓடினால் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓய்வு. இருபது மீட்டருக்கு இரண்டு நிமிடம். "சும்மா நிக்கிறானே" என்று பயிற்றுநர் கோபப்படக்கூடாது. களைத்த காலால் முழு வேகத்தில் ஓட முடியாது. எட்டுப் பத்து ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் போதும். நேரம் கூடத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவனுக்கும், நாள் முழுதும் செம்பனைக் குலை சுமந்தவனுக்கும் இது இன்னும் முக்கியம். ஒரு வேகப் பயிற்சியை விடுமுறை நாளில் வையுங்கள். வேலை நாளில் என்றால், உடம்பைச் சூடேற்றியதும் முதலில் வேக ஓட்டம். பந்து விளையாட்டு பிறகு.

தசை கிழிந்தால்

வேக ஓட்டத்தில் அதிகம் அடிபடுவது தொடையின் பின்தசை. அது கிழிந்தால் பல வாரம் படுக்க நேரலாம். நாள் கூலிக்காரனுக்கு அது ஆட்டத்தோடு போகும் நஷ்டமா? வீட்டு அடுப்பையும் அல்லவா தொடுகிறது!

இதற்கு ஓர் எளிய காப்பு உண்டு. ஒருவன் முழங்காலிட்டு நிற்க, நண்பன் அவன் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகு வளையாமல் மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, தாங்க முடியாதபோது கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். முதலில் ஐந்து முறை போதும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். இப்பயிற்சியைத் தவறாமல் செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காயம்பட்டவன் வலியின்றி நடக்கிறான் என்பதற்காக உடனே பாயவிடாதீர்கள். மெதுவோட்டம், பாதி வேகம், முக்கால் வேகம், அதன்பின் முழு வேகம் என்று படிப்படியாக வரட்டும்.

பயிற்றுநர்களே, பெற்றோர்களே! "உனக்குக் கால் கனம், நீ ஓரமா நில்லு" என்று எந்தப் பிள்ளையையும் ஒதுக்கிவிடாதீர்கள். எல்லாரும் ஜெகதீசன் ஆக முடியாது. ஆனால் நேற்றைய தன்னைவிட ஓர் அடி முந்த யாராலும் முடியும். பெண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் நம் எம். ராஜாமணி அல்லவா?

இருபது மீட்டருக்கு இரண்டு கல்லை நட்டு, மாதம் ஒருமுறை நேரம் பார்த்துக் குறித்து வையுங்கள். குறைந்த நேரத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரிக்கும் சிரிப்பே உங்களுக்குக் கோப்பை!