சிறு முதலில் ஒரு நல்ல வில்லை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. செலவைத் தடுப்பதற்காக எழுந்த மொழியன்று அது. செலவின் பயன் இன்னதென்று அறிந்து செலவிட வேண்டும் என்பதே அதன் கருத்து. கமராவுக்கு வில்லை வாங்கப் புறப்படுவோர் நெஞ்சில் நிறுத்தத்தக்க மொழியும் அதுவே.

ஒரு வீட்டில் பாட்டியாருக்கு எண்பதாவது பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பேரன் பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கமரா வாங்கியிருக்கிறான். மாலையில் விளக்கேற்றி, பேரப்பிள்ளைகள் சூழப் பாட்டியார் அமர்ந்திருக்கிறார். பேரன் படத்தின் மேல் படமாக எடுக்கிறான். மறுநாள் எடுத்துப் பார்த்தால், பகலில் முற்றத்தில் எடுத்த படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. விளக்கடியில் எடுத்த படங்களிலோ கைகள் கலங்கியும் முகங்கள் மங்கியும் கிடக்கின்றன. மின்னொளி வெட்டி எடுத்த இரண்டொன்றில் விளக்கின் பொன்னிறம் மறைந்து முகம் வெளிறிவிட்டது. கமரா போதாது என்று அவன் முடிவு செய்கிறான். அதனை விற்று, விலை கூடிய வேறொன்றை வாங்க எண்ணுகிறான். ஆனால் குறை கமராவில் இல்லை; அதன் முகப்பில் பொருத்தியிருக்கும் வில்லையில் இருக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமையால் வீணாகும் பணம் கொஞ்சமன்று.

எந்த வில்லையின் விளிம்பைப் பார்த்தாலும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று குவியத்தூரம், மில்லிமீற்றரில் கூறப்படுவது. இந்த எண் சிறிதாயின் காட்சி அகன்று தெரியும். பெரிதாயின் தொலைவிலுள்ளது அண்மையில் வந்தது போல் தெரியும். மற்றது எஃப் எண். குவியத்தூரத்தை ஒளி புகும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. ஆகவே எஃப் எண் சிறிதாகும்தோறும் துவாரம் பெரிதாகும். உள்ளே வரும் ஒளியும் மிகும்.

கமராவுடன் சேர்த்து விற்கப்படும் வில்லை பெரும்பாலும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை மாறக்கூடிய சூம் வில்லை. அதனை 55 மில்லிமீற்றருக்கு நீட்டும்போது எஃப் எண் 5.6 ஆகிவிடும், அதாவது துவாரத்தின் விட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர்தான். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையிலோ துவாரத்தின் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். ஒளியின் அளவு எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்மாறாக அமைவதால், பின்னது முன்னதைக் காட்டிலும் ஒன்பதரை மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது. சூம் வில்லைக்கு ஒரு செக்கனில் ஆறிலொரு பங்கு வேண்டியிருந்த அதே இடத்தில், இதற்கு அறுபதிலொரு பங்கு போதும். ஆறிலொரு பங்கு செக்கனில் பாட்டியாரின் கையும் அசையும், பேரனின் கையும் நடுங்கும். அறுபதிலொரு பங்கில் இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும். படம் கலங்கியதன் மர்மம் இவ்வளவே.

இவ்வளவு ஒளியைத் தரும் வில்லை விலை உயர்ந்ததாய் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. பல கமரா நிறுவனங்களின் வில்லை வரிசையில் மிகவும் மலிந்தவற்றுள் ஒன்று இந்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையே. மலிவு என்பது இங்கே மட்டம் என்று பொருள்படாது. அதன் காரணத்தை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஜேர்மனியின் யெனா நகரிலிருந்த சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய போல் ருடோல்ஃப் என்பவர் 1896இல் பிளானார் என்னும் வில்லையை வகுத்தார். ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதிகளாக, நடுத்துவாரத்தின் இருபுறமும் ஏறத்தாழ ஒத்த வடிவில் அமைத்தது அது. ஒரு பாதி செய்யும் பிழையை மறுபாதி பெரிதும் திருத்திவிடும். ஆயினும் ஓர் இடர் இருந்தது. காற்றைத் தொடும் கண்ணாடிப் பரப்புகள் அதில் எட்டு. ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் 4 முதல் 5 வீதத்தைத் திருப்பி எறிந்தது. எட்டுப் பரப்பையும் கடக்கையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஒளி கழிந்தது. கழிந்த ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின் மேல் வெண்திரையாய்ப் படிந்தது. அதனால் அவரே 1902இல் வகுத்த, நான்கு கண்ணாடிகளே கொண்ட டெஸ்ஸார் உலகெங்கும் பரவியது, பிளானார் பின்தங்கியது.

1935இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாக்குலா, கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலத்தைப் பூசி ஒளி திரும்புவதைக் குறைக்கும் முறையைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இப்பூச்சு எங்கும் பரவவே, பிளானாரின் அமைப்பு புத்துயிர் பெற்றது. படச்சுருள் காலத்தில் ஆடி பொருத்திய கமராக்களுடன் 50 மில்லிமீற்றர் வில்லையே பெரும்பாலும் சேர்த்து விற்கப்பட்டது. இலட்சக்கணக்கில் வார்த்துப் பழகிய கை, செலவைக் குறைக்கவும் பழகிக்கொண்டது. இன்று கடையில் மலிவாய்க் கிடைக்கும் எஃப் 1.8 வில்லைகளுள் பல அந்தப் பழைய அமைப்பின் வழித்தோன்றல்களே.

இன்னொரு காரணமும் உண்டு. ஆடி பொருத்திய கமராவில், ஆடி மேலெழுந்து தாழ்வதற்கு வில்லையின் பின்னே இடம் விட வேண்டும். 50 மில்லிமீற்றர் வில்லைக்கு அந்த இடம் இயல்பாகவே அமைந்துவிடும். 24 அல்லது 28 மில்லிமீற்றர் வில்லைக்கோ அவ்விடத்தை உண்டாக்கவே மேலதிகக் கண்ணாடிகள் தேவைப்படும். மறுபுறம், 300 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லையின் முன் கண்ணாடி 107 மில்லிமீற்றருக்குக் குறையாத விட்டம் உடையதாக வேண்டும். ஆகவே மிக அகன்றதும் மிக நீண்டதும் விலையில் ஏறும். நடுவில் நிற்பது மலிந்திருக்கும்.

விலைப் படிகளில் ஏறுமுன் கணக்குப் பார்ப்பதும் நன்று. கனன் நிறுவனம் 1990இல் வெளியிட்ட எஃப் 1.8 வில்லை பிளாஸ்டிக் உடல் கொண்டது. நிறை 130 கிராம். அதே நிறுவனம் 2006இல் அறிவித்த எஃப் 1.2 வில்லையின் விலை அதனைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. ஆனால் அது கூடுதலாகத் தந்த ஒளியோ இரண்டேகால் மடங்கே. திருமணப் படப்பிடிப்பால் பிழைப்பு நடத்துவோருக்கு அந்த வேறுபாடு பயன்படலாம். வீட்டு நிகழ்ச்சிகளைப் படமெடுப்பவருக்கு அது விரலுக்கு மிஞ்சிய வீக்கம். 2015இல் இந்த எஃப் 1.8 வில்லைக்கு மாற்றாக வந்ததில் பொருத்து வளையம் உலோகத்தால் ஆனது. துவாரத்தின் இதழ்களும் ஐந்திலிருந்து ஏழாயின. மலிந்த பொருளும் காலத்தோடு திருந்திவருவதற்கு இது சான்று.

இவ்வாறு சொல்வதால் எல்லோரும் 50 மில்லிமீற்றர் வில்லையையே வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய படச்சுருளின் கட்டம் 36க்கு 24 மில்லிமீற்றர். இன்றைய மலிவான கமராக்கள் பலவற்றில் ஒளியை உணரும் தகடு அதனிலும் சிறியது. அவற்றில் 50 மில்லிமீற்றர் வில்லை, பழைய அளவில் 75 அல்லது 80 மில்லிமீற்றர் போல நெருங்கிய காட்சியைத் தரும். தனியொருவரின் முகத்துக்கு அது மிக நன்று. சிறிய அறையில் பத்துப் பேரை நிறுத்தி எடுக்கவோ சுவரை இடிக்க வேண்டிவரும். அத்தகைய கமராவுக்கு 35 மில்லிமீற்றர் வில்லை பொருத்தமாகும். நிக்கோன் நிறுவனம் சிறிய தகடு கொண்ட கமராக்களுக்கென்றே 2009இல் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை ஒன்றை மலிந்த விலையில் வெளியிட்டது.

தனக்கு வேண்டியது எது என்பதைச் செலவின்றி அறிய ஒரு வழி உண்டு. கையிலுள்ள சூம் வில்லையை ஒரு நாள் முழுதும் 35இலும், மறுநாள் 50இலும் நிறுத்திவைத்துப் படமெடுத்துப் பார்க்கலாம். அன்றியும், எடுத்த ஒவ்வொரு படத்திலும் அதன் குவியத்தூரத்தைக் கமராவே குறித்துவைத்திருக்கும். மனத்துக்குப் பிடித்த நூறு படங்களை எடுத்து அவ்வெண்களைக் கணக்கிட்டால் விடை தானே வெளிப்படும்.

மலிந்த வில்லைகளுக்கும் சில குறைகள் உண்டு. எஃப் 1.8இல் துவாரம் முழுதும் திறந்திருக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. 50 மில்லிமீற்றர் வில்லையில், படச்சுருள் அளவுள்ள தகட்டில், இரண்டு மீற்றர் தூரத்தில் அது ஒரு சாணுக்கும் குறைவானது. பாட்டியாரின் முகம் துலங்கினால் பின்வரிசையில் நிற்கும் பேத்தியின் முகம் கலங்கும். கூட்டமாக எடுக்கையில் எஃப் 4 வரையேனும் துவாரத்தைச் சுருக்குவது நன்று. அவ்வாறு சுருக்கும்போது மூலைகளின் கூர்மையும் கூடும்.

புதியது வாங்கவும் முடியாதவருக்குப் பழைய வில்லைகள் இருக்கின்றன. 1949இல் வந்த கொன்டாக்ஸ் எஸ் கமராவில் 42 மில்லிமீற்றர் விட்டமுள்ள திருகு முறை இடம்பெற்றது. அதன்பின் பல நாடுகளின் நிறுவனங்கள் அத்திருகுக்கு ஏற்ப வில்லைகள் செய்தன. ஜேர்மனியின் பயோட்டாரைத் தழுவி ரஷ்யாவில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 58 மில்லிமீற்றர் எஃப் 2 வில்லையும், யப்பானில் செய்யப்பட்ட தக்குமார் 55 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையும் அவற்றுள் பெயர் பெற்றவை.

இவை இன்றைய கமராவுக்குப் பொருந்துமா என்பதை ஓர் அளவு தீர்மானிக்கும். திருகு வில்லையின் பொருத்து முகத்திலிருந்து படத்தளம் வரை 45.46 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஆடியில்லாத சொனி கமராக்களில் அவ்விடைவெளி 18 மில்லிமீற்றரே. மீதியை ஓர் இணைப்பு வளையம் நிரப்பிவிடும். கனனின் ஆடி பொருத்திய கமராக்களில் அது 44 மில்லிமீற்றர். மெல்லிய வளையம் போதும். நிக்கோனின் ஆடி பொருத்திய கமராக்களிலோ அது 46.5 மில்லிமீற்றர், கண்ணாடியில்லாத வெறும் வளையத்தைக் கொண்டு தொலைவிலுள்ள காட்சியைத் தெளிவாக்க இயலாது. இத்தகைய வில்லைகளில் குவியத்தையும் துவாரத்தையும் கையாலேயே திருக வேண்டும். ஓடியாடும் குழந்தையைத் தொடர்ந்து எடுக்க அவை ஏற்றவையல்ல.

பழையது வாங்குவோர் விளம்பரத்தை விடுத்துத் தம் கண்ணையே நம்ப வேண்டும். துவாரத்தை முழுதும் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி, மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சில தூசுத் துணிக்கைகள் தெரிந்தால் கவலையில்லை. படத்தில் அவை தோன்றா. சிலந்தி வலை போன்ற நுண்ணிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். தொடக்க நிலையில் தேர்ந்த திருத்துநர் அதைத் துடைத்தெடுக்கக்கூடும். கண்ணாடியின் பூச்சை அரித்த பின்னர் மீட்சியில்லை. முன் கண்ணாடியிலுள்ள சிறு கீறலைப் பொறுக்கலாம். பின் கண்ணாடியிலுள்ள கீறல் அதிகம் கெடுக்கும். துவார இதழ்களில் எண்ணெய்ப் பசை இருந்தால் அவை மந்தமாக அசையும். விளிம்பு நசுங்கியிருந்தால் வில்லை கீழே விழுந்தது என்று கொள்ளலாம். இறுதியாக, செங்கற்சுவர் ஒன்றை நேர் முகமாக நின்று படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட வேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கியிருப்பின் உள்ளே கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கக்கூடும்.

வாங்கியதைக் காப்பது வாங்குவதைப் போலவே முக்கியமானது. இலங்கை போன்ற ஈரலிப்பு மிகுந்த நாடுகளில் இது பெருங்கவலை. காற்றின் சாரீரப்பதன் 60 வீதத்தைத் தாண்டியே இருந்துவந்தால் பூஞ்சணம் வேர்விட வாய்ப்பு மிகும். தோலுறையில் போட்டு அலுமாரியில் பூட்டிவைப்பது பாதுகாப்பு என்று பலர் கருதுகின்றனர். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சணத்துக்கு விருந்து வைக்கிறது. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியும் சிறிது சிலிக்கா ஜெல்லும் போதுமானவை. மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதும் நல்ல காப்பே.

கமரா உடல்கள் சில ஆண்டுகளில் பழையவையாகிவிடுகின்றன. நல்ல வில்லையோ பேணுவாரிடத்தில் அரை நூற்றாண்டு கடந்தும் உழைக்கிறது. பேரன் தன் கமராவை விற்க வேண்டியதில்லை. ஒரு சிறு வில்லை வாங்கிக்கொண்டு, அடுத்த மாலையே விளக்கேற்றி, பாட்டியாரை மீண்டும் அமரச் செய்தால் போதும். பிறந்தநாள் திரும்பி வரும் வரை காத்திருப்பது உசிதமன்று. எண்பது வயதில் ஓராண்டு என்பது நீண்ட காலம்.